நண்டுத்திட்டு அடங்காத கட்டம்

புதிய வேர்ஷன் வந்த அன்றே பேர்னாட் அண்ணனின் வீடு காணாமல் போய்விட்டது. வீடு என்னவோ வாவிக்கு நடுவே நண்டுத்திட்டில், நின்ற இடத்தில்தான் நின்றது. கொடியில் சேலை காய்ந்தது, முற்றத்தில் கோழி மேய்ந்தது. எங்கள் கணினியில்தான் அது இல்லை.

நான் விதுர்ஷா. மட்டக்களப்பில் நீர் சம்பந்தப்பட்ட ஓர் அலுவலகத்தில் பொறியியலாளர். மாரிகாலத்தில் வாவி எவ்வளவு உயரும், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று கணிப்பது என் வேலை. உண்மையில் கணிப்பது நானல்ல, கிளவுட்டில் எங்கேயோ குந்தியிருக்கும் ஒரு மென்பொருள். நான் அதற்குத் தரவு ஊட்டுகிறேன், அது என்ன சொன்னாலும் தலையாட்டுகிறேன். அதற்குத்தான் சம்பளம்.

இந்த மென்பொருள் எங்களிடம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கடலும் வாவியும் சந்திக்கும் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொள்ளும். மழை பெய்தால் வாவி நிரம்பும். மணலை வெட்டிவிட்டால் தண்ணீர் கடலுக்கு ஓடும். கொக்கட்டிச்சோலை, பழுகாமம் பக்கத்து விவசாயிகள் வயல்வட்டையெல்லாம் தண்ணீர் நிற்கிறது, வெட்டு என்பார்கள். மீனவர்கள் தண்ணீரோடு இறாலும் போய்விடும், வெட்டாதே என்பார்கள். கூட்டம் போட்டு, தேநீர் குடித்து, உட்கார்ந்த கதிரையைத் தூக்கி, கடைசியில் ஒரு முடிவும் வராது. வெறுத்துப்போன எங்கள் மேலதிகாரி உதயரூபன் சேர் ஒரு விதி கொண்டுவந்தார். ஆட்கள் குடியிருக்கும் நிலம் ஏதாவது கணினியில் மூழ்கினால் மட்டும் முகத்துவாரம் வெட்டப்படும். கணினியோடு யாரும் கதிரை தூக்கிச் சண்டைக்குப் போகமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு.

வாவியில் முதலில் மூழ்குவது நண்டுத்திட்டுத்தான். பேர்னாட் அண்ணன், மனைவி செபஸ்தியம்மா, மகள், மருமகன், இரண்டு குழந்தைகள் என்று ஆறு பேர் அங்கே இருக்கிறார்கள். போன வருடம் வரை அவர்கள் அடுப்படிக்குள் தண்ணீர் வந்தால் எங்கள் திரையில் சிவப்பு எரியும், நாங்கள் பெக்கோ இயந்திரம் அனுப்பி மணலை வெட்டுவோம். பேர்னாட் அண்ணன் மீனவர் சங்கத்தில் வெட்டக்கூடாது என்று கையெழுத்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் சீக்கிரம் வெட்டவேண்டும் என்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துகிறவர்.

புதிய வேர்ஷனின் பெரிய முன்னேற்றமே வேகம்தான். அது வாவியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறது. ஒரு கட்டத்தை விடச் சிறியதாக எது இருந்தாலும் அதைத் தேவையற்ற நுணுக்கம் என்று தானாகவே துடைத்துவிடுகிறது. நண்டுத்திட்டு ஒரு கட்டத்தில் முக்கால்வாசிதான் வரும். துடைத்துவிட்டது.

"பாத்தீங்களா விதுர்ஷா, முந்தி ராத்திரி முழுக்க ஓடின கணக்கு இப்ப தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள முடியுது" என்று உதயரூபன் சேர் பூரித்துப்போனார்.

திட்டில் ஆட்கள் இருக்கிறார்கள் என்று மென்பொருளின் உதவிப் பகுதிக்கு எழுதினேன். உடனே பதில் வந்தது: "உங்கள் வாவி இப்போது முன்னைவிடத் தூய்மையாக உள்ளது. இந்தப் பதில் உதவியாக இருந்ததா?" இல்லை என்று அழுத்தினேன். அதற்கும் நன்றி சொன்னது. எனக்கு வந்த கோபத்துக்கு விசைப்பலகையில் ஒரு எழுத்துக் கழன்றதுதான் மிச்சம்.

மழை தொடங்கியது. பேர்னாட் அண்ணன் நனைந்த சாரத்தோடு அலுவலகத்துக்கு வந்து நின்றார்.

"தண்ணி வாசல்படிக்கு வந்திட்டு சேர். எப்ப வெட்டுற?"

உதயரூபன் சேர் திரையை அவர் பக்கம் திருப்பினார். "இஞ்ச பாருங்க. உங்கட இடத்தில தண்ணி மட்டும்தான் கிடக்கு. தண்ணி எப்பிடித் தண்ணிக்குள்ள மூழ்கும்?"

பேர்னாட் அண்ணன் திரையை நெடுநேரம் பார்த்தார். "அப்ப நான் எங்க இருந்து வாறன் சேர்?"

"அது எனக்குத் தெரியா. திட்டைக் கொஞ்சம் பெருசாக்கினீங்க எண்டா கட்டத்துக்குள்ள வந்திரும். பொறகு வெட்டலாம்."

சேர் பகிடிக்குச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பேர்னாட் அண்ணன் அதை அரசாங்க உத்தரவாகவே எடுத்துக்கொண்டார். படியில் இறங்கும்போது என்னை மறித்தார்.

"மிஸ், அது எங்கட திட்டை எங்க இருந்து பாக்குது?"

"மேல இருந்து. சட்டலைட் படம் எடுக்கும். படத்தைப் பாத்து நிலத்தைத் தானே திருத்திக்கொள்ளும். அது புதுசா வந்த வசதி. சனிக்கிழமை அடுத்த படம்."

"அப்ப மேலால பெருசாக் கிடந்தாக் காணும்" என்றார். முகத்தில் ஒரு தெளிவு வந்துவிட்டது.

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. வாவியில் இருந்த தோணிகளில் பாதி நண்டுத்திட்டைச் சுற்றி ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டு நின்றன. மேலே கிடுகு, கிடுகுக்கு மேலே மண், மண்ணுக்கு மேலே இரண்டு ஆடுகள். வெட்டக்கூடாது என்று கூட்டத்தில் கத்துகிற அதே மீனவர்கள்தான் தோணி கொண்டுவந்தார்கள். சங்கம் வேறு, பேர்னாட் வேறு என்றார்கள்.

திங்கட்கிழமை திரையில் நண்டுத்திட்டு திரும்ப வந்திருந்தது. ஒரு கட்டமல்ல, ஒன்பது கட்டம். நான் கை தட்டிவிட்டேன். ஆனால் ஒரு சிக்கல். தண்ணீர் ஏற ஏறத் தோணிகளும் ஏறின, கணினி அவற்றையும் நிலமென்றே எடுத்தது. மிதக்கிற நிலம் எப்படி மூழ்கும்? வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நிற்க, கணினியில் நண்டுத்திட்டு மாவட்டத்திலேயே மிகப் பாதுகாப்பான இடமாக இருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. புதிய வேர்ஷன் கேட்காமலே ஆலோசனையும் சொல்லும். "நண்டுத்திட்டு நீரோட்டத்துக்குப் பெருந்தடை. அதை வெட்டி அகற்றினால் முகத்துவாரம் வெட்டத் தேவையில்லை" என்றது. உதயரூபன் சேர் இதைக் கூட்டத்தில் வாசித்தார். தண்ணீர் வடியும் என்று விவசாயிகளுக்குச் சந்தோசம். இறால் தங்கும் என்று மீனவர்களுக்குச் சந்தோசம். எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாரும் தட்டுவதைப் பார்த்துப் பின்வரிசையில் இருந்த பேர்னாட் அண்ணனும் தட்டினார். வெட்டப்போவது தன் வீட்டை என்று பக்கத்துக் கதிரைக்காரர் காதில் சொன்ன பிறகுதான் கையை நிறுத்தினார்.

மறுநாள் மிதவையில் பெக்கோவை ஏற்றிக்கொண்டு அதை ஓட்டும் நிஸ்தார் நானாவும் வெட்டவேண்டிய இடத்தைக் காட்ட நானும் திட்டுக்குப் போனோம். செபஸ்தியம்மா அடுப்பைக் கட்டிலுக்கு மேல் வைத்துச் சமைத்துக்கொண்டிருந்தார். குழந்தைகள் மேசை மேல் இருந்தார்கள்.

நிஸ்தார் நானா சுற்றிப் பார்த்தார். "எதை மிஸ் வெட்டுற? தோணியையா, ஆட்டையா?"

"தோணியை அவிழ்த்து விடுங்க நானா. தடை போயிரும்."

அவிழ்த்தோம். ஒவ்வொரு தோணியும் தன் தன் கரைக்குப் போனது. நான் படம் எடுத்து, தடை அகற்றப்பட்டது என்று அலுவலகப் போனில் பதிந்தேன். குறைந்தது வீட்டையாவது காப்பாற்றினேனே என்று நினைத்தேன். பதிந்த கணமே திட்டு மறுபடியும் துடைக்கப்பட்டு, அந்தக் கட்டம் ஆழத் தண்ணீராகிவிட்டது. உடனே போன் அலறத் தொடங்கியது.

"களப் பணியாளர் விதுர்ஷா நீரில் மூழ்கியுள்ளார். வாவியின் நீர்மட்டத்தை உடனடியாகக் குறைக்கவும்."

இப்படியும் ஒரு வசதி இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பணியாளர் நிற்கும் இடத்தை அலுவலகப் போனை வைத்து அது பார்த்துக்கொண்டே இருக்குமாம். நிற்கும் இடம் தண்ணீரென்றால் பணியாளர் மூழ்கித் தாண்டுவிட்டார். உதயரூபன் சேர் அழைத்தார்.

"விதுர்ஷா, மூச்சு இரிக்கா?"

"இரிக்கு சேர். தேத்தண்ணி குடிக்கிறன்."

"கதைச்சு மூச்சை வீணாக்காதீங்க. இப்பவே முகத்துவாரத்தை வெட்டச் சொல்லுறன். நிஸ்தாரை அனுப்புங்க."

திரையில் "நான் நலம்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தினால் எல்லாம் நின்றுவிடும். நான் போனைக் கவிழ்த்து வைத்தேன். நிஸ்தார் நானா போனார். பின்னேரம் மணல் வெட்டப்பட்டது. அடுப்படியில் இருந்து தண்ணீர் மெல்ல விலகி, ஈரச் சீமெந்து தெரிந்தது. செபஸ்தியம்மா அடுப்பைக் கீழே இறக்கினார்.

போன் மறுபடி ஒலித்தது. "வெற்றி. காப்பாற்றப்பட்டோர் தொகை: ஒன்று." பேர்னாட் அண்ணன் கேட்டதால் வாசித்துக் காட்டினேன். வெட்கமாக இருந்தது.

என்னைக் கூட்டிப்போகத் தோணி வந்தது. செபஸ்தியம்மா என் கையைப் பிடித்தார்.

"மாரி முடிய இன்னும் நாள் கிடக்கு மிஸ். நீங்க இரிந்தாத்தான் நாங்களும் இரிக்கம். நீங்க போனா மறுகா நாங்க இல்ல."

அவர் கோபத்தில் சொல்லவில்லை, அழவும் இல்லை. நடந்ததை அப்படியே சொன்னார். கல்லடியில் வீடு, காலையில் வேலை. அலுவலகப் போனை அவர் கையில் கொடுத்து, எந்தப் பொத்தானையும் அழுத்தவேண்டாம், சோலரில் சார்ஜ் போடுங்கள் என்று சொல்லிவிட்டுத் தோணியில் ஏறினேன்.

அன்றிலிருந்து அலுவலகக் கணக்கில் நான் வாவிக்குள்தான் இருக்கிறேன். வரவுப் பதிவில் தினமும் எனக்கு ஆள் இல்லை என்று விழுகிறது. மணல் மூடத் தொடங்கினால் பெக்கோ தானாகவே போய்விடுகிறது, ஏனென்றால் நான் தாண்டுகொண்டிருக்கிறேன். நேற்றும் மழை கொட்டியது. உதயரூபன் சேர் பதறிக்கொண்டு போனை எடுத்தார். நான் அவருக்கு எதிரே, என் மேசையில் இருந்தேன்.

"சேர், நான் இஞ்சதான் இரிக்கன்" என்றேன்.

"கொஞ்சம் சத்தம் போடாம இரிங்க. உங்களுக்குத்தான் எடுக்கிறன்" என்றார், திரையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

மணி அடித்தது. சேர் ஒலிபெருக்கியை அழுத்தினார். "ஹலோ விதுர்ஷா, இரிக்கீங்களா?"

மழைச் சத்தத்துக்கு மேலால் செபஸ்தியம்மாவின் குரல் கேட்டது.

"ஓம் சேர், இரிக்கம். எல்லாரும் இரிக்கம்."