நெவிலின் ஞாயிற்றுக்கிழமைகள்

சங்கத் தலைவர் ரொனால்ட் பிகாட் இரங்கலுரையின் மூன்றாவது தாளைப் புரட்டினார். தேவாலயக் கூடத்தில் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

“ரோமானியக் காசு கெடைச்சாக்கூட நெவில் பெருசா எடுத்துக்கமாட்டான். அவன் தேடினது மனைவி தொலைச்ச கல்யாண மோதிரத்த! இருபத்தாறு வருஷம்! நம்ம சங்கத்தோட காதல் காவியம் அவன்!”

தோர்ப்பிங்காம் நாணயத் தேடல் சங்கம் என்பது பதினாறு ஆண்கள், பதினாறு மெட்டல் டிடெக்டர்கள், ஒரு கொடி. கொடியும் சாவுக்கு வந்திருந்தது. ஒரு பேரரசையே தோண்டி எடுத்ததுபோல் பேசுவார்கள். எடுத்தவை பெரும்பாலும் பொத்தான்கள்.

முன்வரிசையில் நெவிலின் மனைவி டாரின் தலையைக் குனிந்துகொண்டாள். மோதிரம் தொலையவே இல்லை. தன்னைக் கேட்காமல் நெவில் கேரவன் வண்டி வாங்கிவந்த ஆத்திரத்தில் அவளே பாலத்திலிருந்து ஆற்றில் எறிந்தாள். கோபம் இறங்கியதும், ஆல்பியின் வயலில் உருளைக்கிழங்கு பொறுக்கும்போது விழுந்துவிட்டது என்றாள். அந்த வாரமே நெவில் கருவி வாங்கினான். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் போனான். இந்த நவம்பர் மழையில் நனைந்தான். சளி நெஞ்சில் இறங்கி ஆளையே கொண்டுபோய்விட்டது. தன் பொய்தான் அவனைக் கொன்றது என்று ஒன்பது நாளாக அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

“அந்த மோதிரத்த எடுத்தே தீருவோம்! வர்ற ஞாயிறு மொத்தச் சங்கமும் ஆல்பி வயல்ல இறங்குது!”

கைதட்டல். டாரின் எழுந்து சமையலறைக்குப் போனாள். வயல்காரன் ஆல்பி அங்கே சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தான்.

“ஆல்பி, தோண்ட விடாத. அங்க ஒண்ணும் இல்ல. நான் வந்து...”

“தெரியும். நீ பாலத்துலருந்து வீசினத நெவில் பாத்தானே.”

“பாத்தானா?”

“சமாதானம் பேசப் பின்னாலயே வந்திருக்கான். என் வயல்ல ஒருநாள்கூட கருவிய ஆன் பண்ணல. குறுக்கால நடந்து ஓடைக்கு அந்தப் பக்கம் காசு தேடப் போயிருவான். ‘அவகிட்ட மூச்சு விட்றாதடா, என் ஞாயித்துக்கிழமை போயிரும்’னான். மழை பெய்யுது, வீட்டுக்குப் போடான்னா, ‘நான் இல்லாட்டி அவளுக்கும் நிம்மதிதான்டா’ம்பான்.”

அது உண்மைதான். ஞாயிறுதோறும் வீடு அவளுக்கே அவளுக்காக இருந்தது.

டாரினுக்குச் சிரிப்பு பீறிட்டது. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தோள் குலுங்கியது. கூடத்திலிருந்து பார்த்தவர்கள் தலை குனிந்தார்கள். ரொனால்ட் கொடியைத் தாழ்த்தச் சொன்னார்.

“திருட்டுப் பய,” என்றாள். ஆல்பியின் தட்டிலிருந்து ஒரு சாண்ட்விச்சை எடுத்து முழுசாகத் தின்றாள்.

ரொனால்டின் மனைவி ஹேசல் மெல்ல உள்ளே வந்தாள். கிளம்புவதற்காகக் கோட்டு மாட்டியிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

“ஏன் டாரின், இந்தத் தேடுற வேல... எத்தன ஞாயிறு ஆகும்?”

டாரின் ஆல்பியைப் பார்த்தாள். ஆல்பி கூரையைப் பார்த்தான்.

“பெரிய வயலு, ஹேசல்.”

ஹேசல் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டாள். கேக்கில் பெரிய துண்டாகப் பார்த்து வெட்டிக்கொண்டாள்.