எட்டு மணி அக்காவின் பொறுமை

எட்டு மணிச் செய்தியை வாசித்து வாசித்து அவளுக்கு எட்டு மணி அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. தொலைக்காட்சி நிலையத்தின் வாசலில் நிற்கும் காவலாளியிலிருந்து ஒப்பனை போடும் பெண் வரை எல்லோருக்கும் அவள் அக்காதான். அக்காவுக்கு ஓய்வு பெறும் வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதைப்பற்றி அவள் முதுகுக்குப் பின்னால் நிறையப் பேசிக்கொண்டார்கள். முகத்துக்கு முன்னால் பேசியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது, ஏனென்றால் அக்காவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது.

முதலில் இடது காது போயிற்று. கொஞ்ச நாளில் வலது காதும் அதற்குத் துணை சேர்ந்துகொண்டது. டாக்டர் பரிசோதித்துவிட்டு, கருவி மாட்டிக்கொண்டால் பாதிக்கு மேல் சரியாகிவிடும் என்றார். அக்கா விஷயத்தைக் காதும் காதும் வைத்தமாதிரி முடித்துக்கொண்டாள். அதாவது, அந்த டாக்டரிடம் போவதையே நிறுத்திவிட்டாள்.

செய்தி வாசிக்கக் காது எதற்கு? கேமராவுக்கு முன்னால் கண்ணாடியில் எழுத்து ஓடுகிறது, பார்த்துப் படித்தால் போயிற்று. உள்ளே இருக்கும் தயாரிப்பாளர் பேசுவதைக் கேட்பதற்கென்று காதில் ஒரு சின்னக் குமிழைச் சொருகிவிடுவார்கள். அதன் சத்தத்தை முழுக்க ஏற்றிவைத்தும் கொசு பாடுகிற மாதிரிதான் இருந்தது. பாடிவிட்டுப் போகட்டும் என்று அக்கா விட்டுவிட்டாள்.

யாராவது விருந்தினர் வந்து எதிரே உட்கார்ந்தால்தான் வில்லங்கம். அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். கேள்விகளை முன்னாலேயே எழுதிக்கொள்வாள். பேசுகிறவரின் உதட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். உதடு நின்றால் அடுத்த கேள்வி. ஆனால் ஆள் பேசி முடித்துவிட்டாரா, மூச்சு வாங்குகிறாரா என்று எப்படித் தெரியும்? எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள்.

அப்படிச் சும்மா இருந்ததில் ஓர் அமைச்சருக்குப் பதவி போயிற்று.

ஊருக்கு வெளியே ஒரு பாலம் இடிந்து விழுந்திருந்தது. பொறுப்பான அமைச்சர் நேரலைக்கு வந்து, மழை மேல் பாதியும் மண் மேல் மீதியுமாகப் பழியைப் போட்டு அழகாகப் பூசி மெழுகினார். மெழுகி முடித்து வாயை மூடினார். அக்கா அவரையே பார்த்தாள். அமைச்சர் புன்னகை செய்தார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அமைச்சருக்கு வியர்த்தது. இந்த அம்மாவிடம் ஏதோ சிக்கிவிட்டது என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு, பாலத்தில் விரிசல் இருப்பதாகப் பொறியாளர்கள் முன்பே எச்சரித்ததையும் தான் அதைக் கண்டுகொள்ளாததையும் மளமளவென்று ஒப்பித்துவிட்டார். உதடு நின்றது.

"நன்றி. அடுத்து வானிலை," என்றாள் அக்கா.

ஊரே வாயைப் பிளந்தது. என்ன நிதானம், என்ன பொறுமை, ஓர் ஆளைப் பேசவிட்டே பிடித்துவிட்டாளே என்று கொண்டாடினார்கள். அமைச்சர் என்ன சொன்னார் என்பது அக்காவுக்கு மறுநாள் காலையில் செய்தித்தாளைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. குடித்துக்கொண்டிருந்த காபி புரையேறியது.

அன்றைக்கே செய்தி ஆசிரியர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டனுப்பினார். போன வாரம்தான் அக்காவின் நாற்காலியில் ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைத்து வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று பார்த்தவர் அவர். அவருக்கு மைக்கை முழுங்கிய தொண்டை. அவர் பேசுவது மட்டும் அவளுக்கு நன்றாகவே கேட்கும்.

"ஓய்வா? யாருக்கு மேடம் ஓய்வு? உங்களை மாதிரி காது கொடுத்துக் கேக்கறதுக்கு இங்க வேற யாரு இருக்கா? வாரம் ஒரு மணி நேரம், நேரலை. எதிர்ல ஒரே ஒரு ஆள். நீங்க கேக்கறீங்க, அவ்வளவுதான்!"

அப்போதே சொல்லியிருக்கலாம். உண்மை நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் கேமராவின் சிவப்பு விளக்கு எரியாத ஒரு மாலை நேரத்தை அவளால் நினைத்துப்பார்க்கவே முடியவில்லை. அந்த வெளிச்சத்தை விட்டு இறங்கினால் தான் யார் என்று அவளுக்கே தெரியாது. வந்ததை முழுங்கிவிட்டு, "சரி சார்," என்றாள்.

வீட்டுக்காரர் பல் டாக்டர். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடமே பேசிப் பழகியவர். யாரிடமும் பதில் எதிர்பார்த்ததில்லை. அதனால் பெண்டாட்டிக்குக் காது கேட்கவில்லை என்பதை அவர் கண்டுபிடிக்கக் கொஞ்ச காலம் ஆயிற்று. கண்டுபிடித்த பிறகு கத்திப் பேசினார்.

"சொல்லிடு!"

"சொன்னா மாலையைப் போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அப்ப அந்தக் கருவியை வாங்கி மாட்டிக்கோ!"

"என்னங்க நீங்க, காதுல மிஷினோட கேமரா முன்னாடி உக்காரச் சொல்றீங்களா?"

"இத்தனை வருஷமா காதுல ஒண்ணைச் சொருகிக்கிட்டுத்தானே உக்காந்திருக்கே. அது மட்டும் என்ன கம்மலா?"

"அது வேற, இது வேற," என்று அக்கா எழுந்து போய்விட்டாள்.

முதல் வாரத்து விருந்தாளி ஒரு தையல்காரி. பாலம் விழுந்தபோது கீழே நடந்து போய்க்கொண்டிருந்த கணவனைப் பறிகொடுத்தவள். அக்கா கேள்விகளை எழுதி மனப்பாடம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் கேள்வியைக் கேட்டாள்.

தையல்காரி தலையைக் குனிந்துகொண்டாள். வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, தன் மடியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள்.

உதடே தெரியவில்லை.

அக்கா இந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள், அந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாள். ஆகா, எப்படி நெருங்கிப்போய்க் கேட்கிறாள் என்று உள்ளே இருந்த ஆசிரியருக்கு உச்சி குளிர்ந்தது. காதுக்குள் கொசு பாடியது. எதிரே குனிந்த தலை லேசாக ஆடிக்கொண்டிருந்தது, தோள் குலுங்கியது, பிறகு நின்றது.

இப்போது வழக்கம்போலச் சும்மா இருந்துவிட்டு நன்றி சொன்னால் போதும். ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. உள்ளேயிருந்து வந்து கேமராக்காரருக்குப் பின்னால் நின்றுகொண்ட தயாரிப்பாளர் கட்டைவிரலை உயர்த்திக்கூடக் காட்டிவிட்டார். ஆனால் கேமராக்காரர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கல்யாண வீடு, கலவரம், எதைக் காட்டினாலும் கொட்டாவி விடுகிற மனிதர் அவர். அவரையே அழவைத்த ஏதோ ஒன்றை இந்தப் பெண் தன் முகத்துக்கு நேராகச் சொல்லியிருக்கிறாள், அதில் ஒரு சொல்கூடத் தன்னிடம் வந்து சேரவில்லை. அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. அமைச்சர் விஷயத்தில் வராத வெட்கம். இவளிடமும் நன்றி, அடுத்து வானிலை என்றால் தான் மனுஷியே இல்லை என்று தோன்றியது.

"அம்மா," என்றாள். "என்னை மன்னிச்சுக்கோ. எனக்குக் காது கேக்காது. ரொம்ப நாளாவே கேக்கலை. யார்கிட்டயும் சொல்லாம மறைச்சிட்டேன். நீ இப்ப சொன்னதுல ஒரு வார்த்தைகூட எனக்குக் கேக்கலை. கஷ்டம்தான், தெரியும். எனக்காக இன்னொரு தடவை சொல்றியா?"

தயாரிப்பாளரின் கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆசிரியர் இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். நாற்காலி போயிற்று, அது அக்காவுக்கு நன்றாகவே தெரிந்தது.

தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். எழுந்தாள். கோபித்துக்கொண்டு போகப்போகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவள் மேசையைச் சுற்றி வந்து, அக்காவின் வலது காதருகே குனிந்து, அந்த அறை முழுக்கக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னாள்.

"எத்தனையோ பேருக்குச் சொல்லிட்டேன்க்கா. அந்த அமைச்சர்கூட வீட்டுக்கு வந்து கேட்டாரு. எல்லாருக்கும் காது நல்லாத்தான் இருந்துச்சு. கேட்டுக் கேட்டுத் தலையை ஆட்டிட்டுப் போயிட்டாங்க. இன்னொரு தடவை சொல்லுன்னு இதுவரைக்கும் ஒருத்தர் கேட்டதில்லை."

பிறகு தன் நாற்காலியை அக்காவின் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.