வால்வு நட்டு

“ஒரே மடக்கா குடிங்க. கேஸ்தான், எறங்கிடும்” என்று சந்திரகலா ஓமத் தண்ணீரை நீட்டினாள்.

முருகவேல் வாங்கவில்லை. கொட்டகையில் கவிழ்த்துப் போட்ட பழைய சைக்கிளின் எதிரில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பஞ்சர் ஒட்டி டயரை ஏற்றியாகிவிட்டது, காற்றடிப்பதுதான் பாக்கி. சட்டை வேர்வையில் தொப்பலாகியிருந்தது. இடது கையை இறுக மூடி நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்தார்.

சைக்கிளைச் சரிபண்ணச் சொல்லி நாலு நாளாய் அவரைப் பிடுங்கி எடுத்தவள் இவள்தான். பௌர்ணமிக்குச் சுக்குக் காபி கேன் கட்டிப் போக வேறு வண்டி ஏது?

“தோள்பட்ட இழுக்குது கலா.”

ஓமத் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்தாள். தம்பி மணிக்குப் போன் போட்டாள்.

“கிரிவலப் பாதைல ஒரு வண்டியும் வுடலக்கா. அடி அண்ணாமலை கோயிலாண்ட டாக்டருங்க பந்தல் போட்டிருக்காங்க, அங்க இட்டுனு போ. நான் நடந்தே வந்துர்றேன்.”

“சைக்கிள்ல குந்துங்க, தள்ளிக்கினே போயிடறேன்” என்றாள் அவரிடம்.

“காத்து இல்லாம குந்துனா ரிம்மு நசுங்கிடும். வால்வு நட்டப் போட்டு காத்தடி மொதல்ல.”

“எங்க வெச்சீங்க?”

“இங்கதான் வெச்சேன்.”

தேடினாள். சாமான் டப்பாவைத் தரையில் கொட்டினாள். சைக்கிள் பால்ஸ் குண்டுகள் நாலாபக்கமும் உருண்டன. ரோட்டில் அரோகரா சத்தம் விடாமல் போய்க்கொண்டிருந்தது. சாக்கை உதறினாள், பம்ப்புக்கு அடியில் துழாவினாள். எத்தனை நிமிஷம் போனதோ, பைத்தியக்காரி, அவளுக்கே தெரியவில்லை.

“ரிம்மு நாசமா போவட்டும், எழுந்திரிங்க!” என்று கத்தினாள்.

அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஓமத் தண்ணீர் வைத்த இடத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை வாசலில் பெஞ்சு போட்டுக் குளிப்பாட்டினார்கள். இடது கை விரல்கள் பிரியவில்லை. மணி வெந்நீர் ஊற்றி ஒவ்வொன்றாக நீவிவிட்டான். ஏதோ பெஞ்சில் விழுந்து, அவள் காலடிக்கு உருண்டு வந்தது. குனிந்து எடுத்தாள்.

“இன்னாக்கா அது?”

வால்வு நட்டு. ஐயோ, கையை விரிக்கச் சொல்லியிருந்தால்!

கொட்டகைக்குப் போனாள். வால்வில் நட்டை வைத்துத் திருகினாள். பம்ப்பை மாட்டிக் காற்றடிக்க ஆரம்பித்தாள். வாசலில் அழுதுகொண்டிருந்தவர்கள் அந்தச் சத்தத்துக்குத் திரும்பிப் பார்த்தார்கள். டயரைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தாள். கல்லு மாதிரி இருந்தது.