இதுதான் எங்க காலேஜ்

இரண்டே முக்கால் மணி நேரம் வரிசையில் நின்ற பிறகுதான் அந்தப் பேராலயத்துக்குள் போக முடிந்தது. மொழி வகுப்பிலிருந்து வந்தவர்கள் பதினோரு பேர். ஊர் உலகமே அண்ணாந்து பார்க்கும் கூரைக்குக் கீழே நின்று பத்துப் பேர் தங்கள் மூஞ்சியைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டார்கள். பதினோராவது ஆள், வேதியியல் படிக்க வந்த வேதியியல்காரி, ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றாள். வாய் திறந்து பேசத்தான் அவளுக்குக் கூச்சம். மனத்துக்குள் திட்டுவதில் ஒரு குறையும் வைக்கமாட்டாள்.

அதிலும் அறைத்தோழியைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். 'ஜம்பம்' என்று அவளுக்குப் பெயர் வைத்திருந்தாள். இந்த நாட்டுக்கு வந்து ஏழு மாதமாகியும் மொழி வராமல் ஜம்பம் கடையில் விரலை நீட்டித்தான் பால் வாங்குவாள். வீட்டுக்குப் பேசும்போது மட்டும் பேராசிரியர், லேப், செமினார் என்று அளப்பாள்.

பல்கலைக்கழகம் இருவருக்கும் இடமில்லை என்று கையை விரித்து மூன்று மாதமாகிறது. மிச்சமிருப்பது பேக்கரி மாடியில் நடக்கும் இந்த மொழி வகுப்பு ஒன்றுதான். "வீட்டுல நீயும் சொல்லாத, நானும் சொல்லல. அடுத்த தடவை கிடைச்சிரும்டி" என்றாள் ஜம்பம். வேதியியல்காரி பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினாள். அதை நினைத்தால் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் வரும்.

வெளியே வந்ததும் ஜம்பம் தன் கைப்பேசியை அவளிடம் திணித்தாள்.

"அப்பா வீடியோல இருக்காங்க. கொஞ்சம் பிடி. மேல இருக்கிற சிலுவை தெரியக் கூடாது."

"ஏன்க்கா?"

"காலேஜப் பாக்கணுமாம்."

வேதியியல்காரி கையைத் தாழ்த்திப் பிடித்தாள். தூண்களுக்கு முன்னால் ஜம்பம் ஒய்யாரமாக நடந்தாள்.

"இதுதாம்பா மெயின் பில்டிங்."

"அடேங்கப்பா! அரண்மனை கணக்கா இருக்கே!"

பின்னால் ஒரு கன்னியாஸ்திரி கடந்துபோனார்.

"அது யாரும்மா?"

"எங்க வார்டன்ப்பா."

வேதியியல்காரிக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. அற்பம், என்று நினைத்துக்கொண்டாள்.

"உன் தங்கச்சியும் அங்கதான் படிப்பேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாம்மா," என்றார் அப்பா. "இங்க கிடைச்ச கவர்மென்ட் காலேஜ் சீட்ட நாளைக்குக் காலைல வேண்டாம்னு எழுதிக் குடுத்துடப் போறோம்."

ஜம்பத்தின் நடை நின்றது. பிறகு, "அவ இஷ்டம்ப்பா" என்றாள்.

ஜம்பம் எக்கேடு கெட்டால் என்ன? ஆனால் அந்தத் தங்கச்சி, சமன்பாடு வராதபோதெல்லாம் கணக்கைப் படமெடுத்து, 'அக்கா, எங்க தப்பு?' என்று வேதியியல்காரிக்குத்தான் அனுப்புவாள். நாளைக் காலையில் அவளுக்கு இருக்கிற ஒரே சீட்டும் போய்விடும்.

"சொல்லிடுங்கக்கா," என்று முணுமுணுத்தாள்.

"பொத்திக்கிட்டுப் பிடி!" என்று பல்லைக் கடித்தாள் ஜம்பம்.

"போன் பிடிக்கிறது யாரு, நம்ம தெருப் பொண்ணா?" என்றார் அப்பா. "நீ சொல்லும்மா. சின்னவள நம்பி அனுப்பலாமா?"

ஊரில் இரண்டு வீடும் ஒரே தெரு. இங்கே வாயைத் திறந்தால் பொழுது சாய்வதற்குள் சேதி தன் அம்மா காதுக்கும் போய்விடும். ஜம்பம் கைப்பேசியைப் பிடுங்க வந்தாள். வேதியியல்காரி இரண்டு படி பின்னால் போய், கேமராவைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அனுப்பாதீங்க மாமா. இது காலேஜ் இல்ல, சர்ச்சு. எங்க ரெண்டு பேருக்குமே காலேஜ்ல இடம் கிடைக்கல."