ஒரு நாட்டைத் தவிர

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து பதினோரு மாதம் நான் எழுதிய நாட்குறிப்புதான் என் புத்தகம். பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரிப்போர்ட் தட்டச்சு செய்கிறேன். செவ்வாயும் வியாழனும் மாலையில் எழுத்து வகுப்பு. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து, “மின்நூலாப் போட்டுடு” என்றார்கள். எந்த வழியில் போடுவது என்பதிலேயே எனக்கு ஆறு வாரம் போய்விட்டது.

நோட்டில் மூன்று கட்டம் வரைந்தேன். ஒரே கடைக்குக் கொடுப்பது. அப்படிக் கொடுத்தால் தொண்ணூறு நாள் வேறெங்கும் விற்கக் கூடாது. அல்லது ஒரு விநியோக நிறுவனத்திடம் கொடுப்பது. எல்லாக் கடைகளுக்கும் நூலகங்களுக்கும் அவர்களே அனுப்பிவிடுவார்கள். அதுவும் இல்லையென்றால், கேட்பவர்களுக்கு நானே கோப்பாக அனுப்புவது. ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டேன். மூன்றும் இருபத்தொன்று வாங்கின. அழித்துவிட்டு மறுபடி போட்டேன். இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபத்தொன்று.

பல் மருத்துவமனையில் வரவேற்பாளராக இருக்கும் ஒருத்தி என் பக்கத்தில் உட்காருவாள். நான்கு கொலைக்கதைகளை மின்நூலாகப் போட்டவள். வகுப்பில் அவள் பெயர் கொலைகாரி. என் நோட்டைப் பிடுங்கிப் பார்த்தாள்.

“ஏன்டி, கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு யோசிக்க மாட்டாங்க. என்ன பயம் உனக்கு, அதைச் சொல்லு.”

“அக்கா படிச்சுடுவா.”

அக்கா இருப்பது வேறு நாட்டில். அந்தப் பதினோரு மாதத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அழைத்து, “அம்மா எப்படி இருக்கா?” என்பாள். “நல்லா இருக்கா” என்பேன். ஒருநாள் அம்மாவைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு எழுதினேன்: ‘அக்கா செத்துப்போயிருந்தால் அவளை எதிர்பார்க்காமலாவது இருந்திருப்பேன்.’

“அந்த வரியைத் தூக்கிடு. தீர்ந்தது.”

“தூக்கிப் பார்த்தேன். அதுக்கப்புறம் வர்ற நாளெல்லாம் பொய்யாத் தெரியுது.”

“பெரிய அரிச்சந்திரன் பேத்தி. சரி, விநியோகக் கம்பெனிக்கே கொடு. அவங்க ஃபார்ம்ல கடைசிப் பக்கத்துல நாடு நாடா டிக் இருக்கும். உங்க அக்கா நாட்டுக்கு மட்டும் டிக்கை எடுத்துடு. ரத்தம் வராத கொலை.”

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அதைச் செய்தேன். உலகத்தின் எல்லா நாடுகளும் டிக்கோடு வரிசையாக நின்றன. ஒன்றை எடுத்தேன். ‘உறுதியா?’ என்று கேட்டது. ஆம் என்று அழுத்திவிட்டு ரிப்போர்ட் அடிக்கப் போனேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதி வைக்க வேண்டும்.

மூன்றாவது ஞாயிறு அக்கா அழைத்தாள்.

“கள்ளி, புத்தகம் போட்டிருக்கியாமே! அம்மா வாய் ஓயாம சொல்றா. எனக்கு மட்டும் மூச்சு விடல நீ.”

“பெருசா ஒண்ணுமில்லக்கா. சும்மா டைரி.”

“வாங்கலாம்னு போனேன். உங்கள் நாட்டில் விற்பனைக்கு இல்லைன்னு வருது. வேற கடையிலயும் அதேதான்.”

“கம்பெனிக்காரங்க ஏதாவது குளறுபடி பண்ணியிருப்பாங்க.”

“நானும் அப்படித்தான் நினைச்சு அவங்களுக்கே எழுதிக் கேட்டேன்.” குரல் இறங்கியது. “எழுதினவங்க இந்த நாட்டுக்கு உரிமை கொடுக்கலைன்னு பதில் வந்துச்சு. பக்கத்து நாட்டுல இருக்கற உங்க அத்தானோட தம்பிக்குக் கிடைக்குது. எனக்குத்தான் கிடைக்கல.”

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“என்னைப் பத்தி எழுதியிருக்கியா?”

“இப்பவே ஃபைலா அனுப்பறேன்க்கா.”

“வேணாம். ஊர்ல எல்லாருக்கும் எப்படிக் கிடைக்குதோ, எனக்கும் அப்படியே கிடைக்கட்டும். திறந்து விடு.”

திறந்து விட்டேன். கடைகளில் மாற மூன்று நாள் ஆகும் என்றார்கள். அந்த மூன்று நாளில் இரண்டு ரிப்போர்ட்டில் பெயர் மாற்றி அடித்து, மேலாளரிடம் திட்டு வாங்கினேன். நான்காம் நாள் விற்பனைப் பக்கத்தில் அக்காவின் நாட்டுக்கு நேரே ‘1’ என்று வந்தது. இரண்டு நாள் கழித்து அதே வரியில், ‘திருப்பி அளிக்கப்பட்டவை’ என்ற தலைப்பின் கீழும் ‘1’ வந்தது.

கொலைகாரியைக் கூப்பிட்டேன். “வாங்கினவங்க ஏழு நாளுக்குள்ள திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கலாம்” என்றாள். “எதுவரைக்கும் படிச்சாங்கன்னு நமக்குக் காட்டாது.” பிறகு, “நான்தான் உனக்குத் தப்பா சொல்லிட்டேன்” என்றாள். டிக்கை எடுத்தது நான்தான் என்றேன்.

அக்காவாக இல்லாமலும் இருக்கலாம் என்று நோட்டில் எழுதினேன். அந்த நாட்டில் வேறு யாருக்கு என் பெயர் தெரியும் என்று அதன் கீழேயே எழுதினேன்.

ஞாயிறு பத்து மணிக்கு அம்மாவின் போன் அடித்தது. வழக்கமாக என் போனில்தான் அழைப்பாள். சமையலறையில் பாத்திரம் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மா சிரித்தாள், வாக்கர் இல்லாமல் ஐந்து அடி நடந்ததைச் சொன்னாள், பிறகு, “ஏன்? எதுக்கு?” என்றாள். நான் கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் போன் மடியில் இருந்தது.

“உன்கிட்ட கொடுக்கவான்னு கேட்டேன். வேலை இருக்குன்னு வச்சுட்டா.”

“என்ன சொன்னா?”

“அடுத்த மாசம் வர்றாளாம். பத்து நாள். ஏதோ ஹோட்டல்ல ரூம் போட்டிருக்காளாம்.” அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். “ஏன்டி, நம்ம வீட்ல இடமா இல்ல?”

“தெரியலம்மா” என்றேன்.