எண் இல்லாத பெயர்

ரெனே விட்ட குத்தில் தேவதாஸின் உதடு கிழிந்தது. கொண்டுவந்த மலர்வளையம் காலடியில் நசுங்க, சுவரோடு சாய்ந்தான். கூடத்தில், திறந்த சவப்பெட்டியில், ரெனேயின் அப்பா லெயோன் கோட்டும் டையுமாகக் கிடந்தார்.

"பப்பாவுக்குப் பொறந்தவனாம்! தவளக்குப்பத்திலேர்ந்து வந்து தலைமாட்டுல தூக்குவானாம்! அது பெத்த புள்ளைங்க தூக்குற எடம்டா. உன் நம்பர் எங்க?"

"நோட்டுல என் பேரு இருக்குதுன்னு அவருதான் சொன்னாரு," என்றான் தேவதாஸ்.

நோட்டு மூத்தவள் எலிஸபெத்தின் மடியில் இருந்தது. லெயோன் முப்பது வருஷம் மெரி என்கிற நகராட்சி ஆபீஸில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதியவர். ஐந்து தலைமுறை வம்சத்தை நோட்டில் ஏற்றியிருந்தார். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பதிவேட்டின் ஆண்டும் எண்ணும் இருக்கும். எண் இல்லாத பெயர் வெறும் ஊர்ப்பேச்சு என்று அவர் சொல்லக் கேட்டே பிள்ளைகள் வளர்ந்தார்கள். அவருடைய பிள்ளைகள் வரிசையில் மூன்றாவதாக தேவதாஸ் இருந்தான். எண் இல்லை.

"எவளோ எழுதவெச்சிருக்கா. கிழிச்சுப் போடுக்கா."

எலிஸபெத் தன் பெயரைப் பார்த்தாள். 1934, எண் 212. அவ்வளவுதான். ரெனேவுக்கும் அப்படியே. தேவதாஸுக்குக் கீழே மட்டும் அதே கையெழுத்தில்: 'விடியற்காலை நாலரை. நல்ல மழை. கால் முதலில் வந்தது. பிழைக்காது என்றாள் மருத்துவச்சி. அழுதான்.'

மற்றவர்களை எல்லாம் பதிவேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார். இவன் பிறக்கும்போது கதவோரம் நின்றிருக்கிறார். பதிவேட்டில் ஏற்றத்தான் தைரியம் இல்லை. தனக்கு அப்படி ஒரு வரிகூட இல்லை. செத்தவரை எழுப்பி அறையலாம் போலிருந்தது. தாளைக் கிழிக்க விரல்கூடப் போனது.

"இதுக்கு நம்பர் வேணாம் ரெனே. பப்பா அங்கயே இருந்திருக்காரு. அவன் தூக்கட்டும்."

ரெனே அவளை ஓங்கி அறைந்தான். மூக்குக்கண்ணாடி தெறித்து விழுந்தது. அதுவரை திருப்பி அடிக்காத தேவதாஸ் பாய்ந்து அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரில் மோதினான். மெழுகுவத்தித் தண்டுகள் சரிந்தன. நாலு பேர் சேர்ந்து பிரிக்க வேண்டியதாயிற்று.

"சாமியார் கோயில்ல காத்திருக்காரு," என்றாள் எலிஸபெத், கன்னத்தைப் பிடித்துக்கொண்டு. "ரெண்டு பேரும் தூக்குங்க."

பெட்டியை மூடினார்கள். ரெனே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தலைமாட்டின் வலப்பக்கம் வந்தான். தேவதாஸ் இடப்பக்கம் தோள் கொடுத்தான். ஒருவரையொருவர் பார்க்கவில்லை. இரண்டு தோளும் ஒரே உயரத்தில் இருந்தன. பெட்டி சாயாமல் வாசலைத் தாண்டியது.