வெள்ளை அடுக்கு

எண்பத்து நாலாம் வருஷக் கோடை. பிரான்சிலிருந்து வரும் சிநேகிதனுக்காக மருதையன் ஆசையாகச் செய்த ஐஸ் அது. டம்ளரின் அடியில் ரம் கலந்த தேங்காய்ப்பால், அது உறைந்ததும் மேலே மாம்பழக் கூழ். ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, சிநேகிதனை அழைத்துவரக் காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தான்.

கொல்லையில் துணி உலர்த்திவிட்டு வந்த அவன் மனைவி அஞ்சுகத்தைப் பார்த்து ராசாத்தி சிரித்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த நாத்தனார், ஏழு மாதம்.

"அண்ணி, மாம்பழ ஐஸ் ஜோரா இருந்துச்சு."

அஞ்சுகம் பதறிப்போய் டம்ளரை வாங்கிப் பார்த்தாள். மஞ்சள் காலி. வெள்ளையிலும் கரண்டி பட்டிருந்தது.

"இதையும் தின்னியா?"

"ஒரு வாய்தான். காரமா இருந்துச்சு, விட்டுட்டேன். ஏன் அண்ணி?"

மறைத்துவிடலாமா என்றுகூட அஞ்சுகத்துக்குத் தோன்றியது. "அதுல சாராயம் கலந்திருக்குடி" என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

ராசாத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். "அசையலையே அண்ணி!"

ரிக்‌ஷா பிடித்து டாக்டரம்மாவிடம் ஓடினார்கள். வழியெல்லாம் அஞ்சுகம் அந்த வயிற்றிலிருந்து கையை எடுக்கவில்லை. டாக்டரம்மா வெகுநேரம் குழாய் வைத்துக் கேட்டார். "துடிப்பு நல்லா இருக்கு. பயப்படாதீங்க."

ராசாத்தி அதோடு மறந்துவிட்டாள். அஞ்சுகம்தான், பிள்ளை பிறந்து வீறிட்டு அழும்வரை, "அசையுதாடி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.